சூம் இல்லாத லென்ஸும் வாய் திறந்த கல்யாணமும்

பேச்சிராஜுக்குப் படம் எடுக்க வராது என்று முதலில் சொன்னவன் அவனுடைய அறைத்தோழன் அருள்பாண்டி. அடுத்ததாகச் சொன்னது ஒரு கல்யாண வீடு மொத்தமும். பிற்பாடு இரண்டு தரப்பும் வார்த்தையை மாற்றிக்கொண்டது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

அவனுக்கு விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு 2009இல் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வந்து சேர்ந்தான். கார் கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை பொருத்துகிற லைனில் வேலை. கதவு வரும், பட்டையை வைத்து அழுத்தி, கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும், அதற்குள் அடுத்த கதவு வந்து நிற்கும். ஷிஃப்ட் முழுக்கக் கதவையே பார்க்கிறவன், தன் லைனில் ஒரு முழுக் காரை ஒருநாளும் பார்த்தது கிடையாது. அதில் அவனுக்கு வருத்தமும் கிடையாது. சுலபத்தில் வருத்தப்படுகிற ஆள் இல்லை அவன். மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருந்தால் "ரசம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்பான்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி அறை. அதில் ஆறு பேர், எல்லாரும் தெற்கத்திப் பையன்கள். பாதிப் பேர் ஷிஃப்டுக்குப் போனால் மீதிப் பேர் தூங்குவார்கள் என்பதால் பாய் எண்ணிக்கை எப்போதும் ஆள் எண்ணிக்கையில் பாதிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதுதான் திண்டாட்டம். ஒருவன் கால் நீட்ட வேண்டுமென்றால் இன்னொருவன் எழுந்து டீ குடிக்கப் போக வேண்டும்.

கேமரா வந்தது 2011இல். புனேவுக்கு மாற்றலாகிப் போன ஒரு இன்ஜினியர் தன்னுடைய பழைய கேமராவைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். கேமரா என்றால் உடம்பு மட்டும். லென்ஸ் கீழே விழுந்து உடைந்துபோனதால்தான் அவர் விற்றதே. பேச்சிராஜ் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அறையில் பிரித்துக் காட்டியபோது அருள்பாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏலே, கண்ணே இல்லாத கேமராவையால வாங்கிட்டு வந்திருக்க?"

"கண்ண வாங்கி மாட்டிக்கிட வேண்டியதுதான். சைக்கிள் வாங்குனா டயர் மாத்த மாட்டோமா?"

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அது பேச்சிராஜுக்குக் கைவந்த கலை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி சென்னைக்குப் போனான். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் கேமராவைக் காட்டி, இதற்குப் பொருந்துவதில் இருப்பதிலேயே விலை கம்மியாக ஒன்று வேண்டும் என்று கேட்டான். கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு கறுப்பு லென்ஸை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் உடம்பு, எடையே இல்லை.

"ஃபிஃப்டி எம்.எம். லென்ஸு. கண்ணை மூடிக்கினு வாங்கலாம் தம்பி."

பேச்சிராஜ் அப்படியேதான் வாங்கினான்.

அறைக்கு வந்து மாட்டிப் பார்த்தபோது ஆரம்பித்தது வினை. லென்ஸின் முன்னால் இருந்த வளையத்தைத் திருகினால் எதிரில் இருப்பவன் மங்குகிறான், தெளிகிறான், மறுபடி மங்குகிறான். கிட்டே மட்டும் வரவே மாட்டேன் என்கிறான். கல்யாணங்களில் போட்டோக்காரர்கள் நின்ற இடத்தில் நின்றபடியே திருகித் திருகிக் கிட்டே இழுப்பதைப் பார்த்தவன் அவன். லென்ஸில் கோளாறு என்று முடிவு கட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் போய் நின்றான்.

"அண்ணே, சூம் வேலை செய்ய மாட்டேங்கு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவரைப் பாராட்ட வேண்டும். "இதுல சூமே கிடையாதுப்பா. பெருசா வேணும்னா கிட்டப் போ. சின்னதா வேணும்னா தள்ளிப் போ. ஆனா இந்தக் கண்ணாடி மாதிரி இந்த வெலைக்கு உனக்கு எவனும் குடுக்க மாட்டான். வச்சிப் பாத்துட்டு அப்பால வந்து திட்டு" என்றார்.

கிட்டப் போவது சுலபம். அந்த அறையில் கிட்டத்தான் இருந்தாக வேண்டும். தள்ளிப் போவதற்குத்தான் இடமில்லை. சுவரோடு முதுகை ஒட்டி நின்று எடுத்தாலும் அருள்பாண்டியின் மூக்கும் பாதி மீசையும்தான் படத்தில் விழுந்தன. பேச்சிராஜ் வாசல்படிக்குப் போனான். கழுத்து வரைக்கும் வந்தது. வராந்தாவுக்குப் போனான், இடுப்பு வரைக்கும் வந்தது. மாடிப்படியில் இறங்கி நின்றால் முழு ஆளும் வந்தான், ஆனால் நடுவில் வீட்டுக்கார அம்மாவின் வடகத் துணியும் வந்தது.

"எம் மூக்க மட்டும் வெட்டி எங்கம்மைக்கு அனுப்பவால? ஒனக்குப் படம் எடுக்க வராதுடே. பேசாம கதவ மட்டும் தடவு" என்றான் அருள்பாண்டி.

ஆனால் விதி யாரை விட்டது? ஒரு சாயங்காலம் அருள்பாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அறையில் மின்சாரம் இல்லை. செல்போனில் எடுத்தால் கரிச்சட்டிதான் தெரியும். பேச்சிராஜ் சும்மா விளையாட்டுக்கு ஒன்று எடுத்தான். எடுத்ததைப் பின்னாலிருந்த சின்னத் திரையில் பார்த்தவன் கேமராவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். இருக்கிற அத்தனை வெளிச்சத்தையும் அந்தக் குட்டி லென்ஸ் குடித்து வைத்திருந்தது. அருள்பாண்டியின் கண்ணும், தாடையும், மீசையில் ஒட்டியிருந்த முறுக்குத் துணுக்கும் அவ்வளவு தெளிவு. அவனுக்குப் பின்னால் கொடியில் தொங்கிய ஆறு பேரின் பனியன், ஜட்டி, கம்பெனிச் சட்டை எல்லாம் கரைந்து, வெள்ளையும் நீலமுமாகப் பூந்தோட்டம் பூத்த மாதிரி இருந்தது.

அந்தப் படம் பிரிண்ட் போட்டு ஊருக்குப் போனது. அருள்பாண்டியின் அம்மா போனில் கேட்டாளாம்: "எந்த ஊரு பார்க்குல போயி எடுத்த? செலவு ரொம்ப ஆச்சாய்யா?" அன்றோடு அருள்பாண்டி வாயை மூடிக்கொண்டான். மூடியதோடு நிற்கவில்லை, பேச்சிராஜுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவும் ஆரம்பித்தான்.

தங்கச்சி சடங்குக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவன், பெண் பார்க்கும் இடத்துக்குப் படம் அனுப்புகிறவன், புதுச் சட்டை போட்டவன் என்று கம்பெனி பஸ்ஸில் வருகிற அத்தனை பேரும் பேச்சிராஜிடம் வந்து நின்றார்கள். அவனும் சலிக்காமல் எடுத்தான். அதில் அவன் ஒரு விஷயம் கண்டுகொண்டான். சூம் இருக்கிறவன் தூரத்தில் ஒளிந்து நின்றே எடுத்துவிடலாம். இவனால் முடியாது. முகம் வேண்டுமென்றால் எதிராளியின் மூச்சு படுகிற தூரத்துக்குப் போயாக வேண்டும். அவ்வளவு கிட்டே போய் ஒன்றும் பேசாமல் நிற்க முடியுமா? எதிராளி விறைத்துப் போவான். அதனால் பேச்சிராஜ் பேச்சுக் கொடுத்தபடியே எடுக்கப் பழகினான். எந்த ஊரு, என்ன சாப்பாடு, சூப்பர்வைசர் எப்படி, கொண்டு வந்த ஊறுகாய் தீர்ந்துவிட்டதா. பெயரிலேயே பேச்சு இருக்கிறவனுக்கு அது பெரிய காரியமா? அவன் எடுத்த படங்களில் ஆட்கள் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி, சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருந்தது அப்படித்தான் வந்தது. எனக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

லைனில் அவனுக்குப் பக்கத்து இடம் வரதராஜுலுவுடையது. ஸ்ரீபெரும்புதூர்க்காரன், சொந்த வீடு, சொந்த பைக். 2012 ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வடக்குப்பட்டு, பெயர் ராஜலட்சுமி. ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். லைன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பீரோ வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சிராஜும் கேமராவை அறையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தான்.

மேடையில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை, எல்லார் முன்னாலும் இவனைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"பேச்சி! காமிரா எங்க கீது?"

"ரூம்ல கிடக்கு. ஏன்?"

"ஸ்டூடியோகாரன் கை வுட்டுட்டான்பா. போனு சுவிட்ச் ஆஃப். ஒரே முகூர்த்தத்துக்கு நாலு எடத்துல ஒத்துக்கினு எங்கியோ பூட்டான். என் வண்டிய எட்துகினு ஓடு. நீதான் இன்னிக்கு எல்லாம்."

ஓடினான். திரும்பி வந்தபோது மேடையில் ஏறுவதற்கு வரிசை மண்டபத்தின் பாதிக்கு நின்றது.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்தில் போட்டோ என்பது படம் இல்லை, வருகைப் பதிவு. குடும்பத்தோடு மேடை ஏற வேண்டும், பரிசைக் கொடுக்க வேண்டும், கொடுத்த கையை எடுக்காமலேயே கேமராவைப் பார்த்து உறைந்து நிற்க வேண்டும். கைக்குழந்தை முதல் சித்தப்பாவின் இரண்டாவது மருமகன் வரைக்கும் படத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். அந்தச் சண்டை அடுத்த தலைமுறை வரைக்கும் ஓடும்.

பேச்சிராஜின் லென்ஸுக்குள் நாலு பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் பாதி வந்தார். பின்னால் போனான், முதல் வரிசை நாற்காலிகள் தட்டின. இன்னும் போனான், யாரோ ஒரு பெரியவர் மடியில் உட்கார்ந்து எழுந்தான். இன்னும் போனான், பாட்டுக் கச்சேரிக்காரர்களின் டிரம்ஸ் மேல் முதுகு மோதி, 'டமால்' என்று ஒரு சத்தம் கிளம்ப, பாடிக்கொண்டிருந்த பெண் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டாள். ஒருவழியாக மண்டப வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மொத்த மேடையும் படத்துக்குள் வந்தது. ஆனால் முகங்கள் எல்லாம் கடுகு சைஸ். நடுவில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு போகிறவர்கள் வேறு.

கூட்டம் குறைந்ததும் பெண்ணின் அம்மா கோவிந்தம்மா வந்து கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர, அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மேலே போக முடியாமல் நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி இது? எங்க தம்பி குடும்பம் மொத்தமும் நின்னுது. நீ தோளு மட்டும் புட்ச்சிருக்கே. இது யாரு தோளுன்னு அவருக்கு எப்டித் தெரியும்?"

"யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. தோஹாவுல டிரெய்லர் ஓட்டறாரு. பொண்ணு கல்யாணத்துக்கு லீவு குடுக்கல பாவிங்க. போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'எனக்கு மேடையும் வாணாம், பூவும் வாணாம். வந்தவங்க மூஞ்சிய நான் பாக்கணும். யார் யார் வந்தாங்கன்னு பாக்கணும்'னாரு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அவுங்க அக்கா ராஜம்மா பக்கத்து வூடுதான். கம்பெனி ரோடு வந்தப்போ எல்லைக்கல்லு யாருதுன்னு தகராறாயி நாலு வருசமாப் பேச்சே கெடையாது. அது வருதா இல்லியான்னுதான் அவருக்கு உசுரு அடிச்சிக்குது. வாயத் தொறந்து கேக்கல. எனக்குத் தெரியாதா?" என்றார்.

பேச்சிராஜ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுலபத்தில் வருத்தப்படாத ஆள் என்று சொன்னேனே, அன்றைக்கு வருத்தப்பட்டான். தன் அப்பாவும் திருப்பூரில் இருந்தபடியே தன் அக்கா கல்யாணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டவர்தான். வந்திருக்கிற அத்தனை சனமும் படத்துக்குள் வர வேண்டும், தன் லென்ஸோ நாலு பேருக்கு மேல் கொள்ளாது. காலையில் தாலி ஏறிவிட்டால் சனம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடும்.

விடிகாலையில் மேளச் சத்தத்துக்கு நடுவே பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. மேடையைப் பிடிக்க முடியாது, சரி. அந்த மனுஷன் மேடையே வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறார்? மூஞ்சிதானே கேட்டார்?

தாலி ஏறிய நிமிஷத்தை எடுத்து முடித்ததும், பேச்சிராஜ் நேராகப் பந்தி நடக்கும் கூடத்தின் வாசலில் போய் நின்றுகொண்டான். கல்யாணத்துக்கு வந்த எவனும் மேடை ஏறாமல் போகலாம். பந்திக்குப் போகாமல் போகமாட்டான். ஒவ்வொருவரையும் நிறுத்தினான். மூச்சு படுகிற தூரத்துக்குப் போனான். சிரிங்க என்று சொன்னால் சனம் சுவராகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் வேறொன்று சொன்னான்.

"இந்தக் கண்ணாடிக்குள்ள கன்னியப்பன் மாமா இருக்காங்க. தோஹாவுல இருந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. அவுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

முதலில் வந்தவர் கன்னியப்பனின் பங்காளி உதயசூரியன். லென்ஸுக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அப்புறம் நிஜமாகவே ஆள் உள்ளே இருப்பதைப் போலக் கத்தினார்: "இன்னாபா கன்னியப்பா! பொண்ணு கல்யாணத்துக்கு வராம அங்க ஒட்டகம் மேய்ச்சிகினு கீறியா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சிராஜ் கிளிக் செய்தான்.

மாப்பிள்ளையின் அப்பா வந்து, துண்டை இடுப்பில் கட்டி, "சம்பந்தி, ஒரு குறையும் இல்ல. வடதான் கொஞ்சம் சின்னது" என்று லென்ஸிடம் முறையிட்டார். மைத்துனன் ஒருவன், வாங்கி வரச் சொன்ன சென்ட் பாட்டிலை ஞாபகப்படுத்தினான். கன்னியப்பனோடு கூடப் படித்த செல்லம்மாள், "உன் பொண்ணு உன்னவிட அழகா கீறா, நல்லவேள" என்று சொல்லிவிட்டு, தானே சொன்னதற்குத் தானே வாய் பொத்திச் சிரித்தார். விஷயம் பரவிவிட்டது. பந்திக்கு இடம் பிடிப்பதை விட்டுவிட்டு சனம் கன்னியப்பனோடு பேச வரிசை கட்டியது. சாப்பிட்டு முடித்தவர்கள்கூட, ஒன்று சொல்ல மறந்துவிட்டோம் என்று திரும்பி வந்தார்கள். பேச்சிராஜுக்குக் குதூகலம் தாங்கவில்லை. கதவு வருகிற மாதிரி முகம் முகமாக வந்துகொண்டே இருந்தது.

ராஜம்மா வந்ததைக் கோவிந்தம்மாதான் கண்ணால் காட்டினார். நெடுநெடுவென்று ஒரு அம்மா. தாலி கட்டும்போது கடைசி வரிசையில் நின்று அட்சதை போட்டுவிட்டு, பந்திப் பக்கம் திரும்பாமல், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பேச்சிராஜ் ஓடிப்போய் வழியை மறித்து அதே வசனத்தைச் சொன்னான்.

"நான் அவன்கிட்ட பேசறது இல்ல" என்றார் ராஜம்மா.

"பேச வேண்டாம்மா. சும்மா பாருங்க, போதும்."

ராஜம்மா பார்த்தார். லென்ஸைப் பார்த்தார், பேச்சிராஜைப் பார்த்தார், மறுபடியும் லென்ஸைப் பார்த்தார். பேச்சிராஜ் அவசரப்படவில்லை. வலது கண்ணின் ரெப்பையில் ஃபோகஸை வைத்துக்கொண்டு காத்திருந்தான். சட்டென்று அந்த அம்மா மோவாயை மேலே தூக்கி, வாய்க்குள்ளேயே ஒரு வார்த்தை கேட்டார். கிளிக். "வெளிய யார்னா கேட்டு சொன்னியோ, அவ்ளோதான்" என்று இவனை மிரட்டிவிட்டுப் போய்விட்டார். பேச்சிராஜ் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சொல்லாததை நான் இப்போதே போட்டு உடைப்பது முறையாகாது.

படங்களை சி.டி.யில் போட்டுக்கொண்டு வடக்குப்பட்டில் கோவிந்தம்மா வீட்டு டி.வி.யில் ஓடவிட்ட நாளை பேச்சிராஜ் சாகும் வரைக்கும் மறக்கமாட்டான். சொந்தக்காரர்கள் எல்லாம் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் படத்தில் உதயசூரியன், வாய் ஆவென்று திறந்திருந்தது. அடுத்து சம்பந்தி. வாய் திறந்திருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அடுத்து மைத்துனன், உதடு குவிந்து ஊதுகிற மாதிரி. அடுத்து, அடுத்து, அடுத்து. கல்யாணத்துக்கு வந்த ஊர்ச் சனம் மொத்தமும் டி.வி.யில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பேசச் சொன்னவன், பேசுகிறபோதே அமுக்கியும் இருக்கிறான்! பேசுகிற வாய் படத்தில் மூடியா இருக்கும்? லைனில் கட்டைவிரலால் தடவிக் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"இன்னாடா இது, எல்லாரும் கொட்டாவி வுட்டுகினு கீறாங்க?" என்றார் உதயசூரியன்.

"பல்லு டாக்டராண்ட கூட்டிகினு போன மாதிரி கீது" என்றது இன்னொரு குரல்.

ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். கோவிந்தம்மா சிரிக்கவில்லை. "அந்த மனுசன் எவ்ளோ ஆசையாக் கேட்டாரு. இதப் போய் எப்டி அனுப்பறது?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சிராஜுக்கு அப்படியே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அன்று சாயங்காலம் தெருக்காரப் பையன் ஒருவன் தோஹாவுக்கு விமானம் ஏறுகிறான். அனுப்பினால் அவனிடம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். புதுப்பெண் ராஜலட்சுமிதான் எழுந்து சி.டி.யை வெளியே எடுத்தாள்.

"அப்பா மூஞ்சிய பாக்கணும்னுதானே சொன்னாரு? மூஞ்சி கீது இல்ல? கூட வாயும் கீது. எட்துகினு போவட்டும்" என்று உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் பேச்சிராஜ் ஏறினால் போதும், பஸ் மொத்தமும் வாயைப் பிளந்து காட்டியது. அருள்பாண்டி மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தான். அதுவும் சிரிப்பை அடக்குவதற்காக. கேமரா அறையின் பரண்மேல் ஏறியது. இனிமேல் கதவைத் தடவுவதோடு நிறுத்திக்கொள்வது என்று பேச்சிராஜ் முடிவு செய்திருந்தான்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுவீட்டு விருந்துக்காக வரதராஜுலு வடக்குப்பட்டில் மாமியார் வீட்டில் இருந்தான். காலை ஷிஃப்ட் முடித்து பஸ்ஸிலிருந்து இறங்கிய பேச்சிராஜையும், மாட்டேன் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல, பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டான். கோழிக் குழம்பு வாசனை தெரு வரைக்கும் வந்தது, சம்பந்தி முதல் செல்லம்மாள் வரைக்கும் சனமும் வந்திருந்தது. இலை போடுகிற நேரத்தில் போன் அடித்தது. ராஜலட்சுமி ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள்.

முதலில் வந்தது சத்தம்தான். கன்னியப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். பேச முடியாமல், மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தார்.

"இன்னா அவரு, அழறாரா?" என்று கோவிந்தம்மா பயந்துபோனார்.

"அழல கோவிந்தம்மா! ரூம்ல அத்தினி பேரும் லேப்டாப்ப சுத்தி உக்காந்துகினு கீறோம். மூணாவது வாட்டி பாக்கறேன். டேய் உதயசூரியா, அங்க கீறியா? ஒட்டகமாடா மேய்க்கறேன்? நீ சொல்லுவடா, உன் வாயப் பாத்தாலே தெரியுதே!"

உதயசூரியன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தையேதான் அது.

"சம்பந்தி, வட சின்னதுன்றீங்க. அவ்ளோ ஏக்கம் உங்க மூஞ்சில. நான் வந்து பெருசா போடச் சொல்றேன். டேய் மச்சான், உதட்டக் குவிக்காத, சென்ட் பாட்டில் எட்தாறேன். செல்லம்மா, என் பொண்ணு அழகுதான், அதுக்கு நீ ஏன் வாயப் பொத்தறே?"

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனார் அந்த மனுஷன். கூடப் பிறந்து, கூட வளர்ந்து, கூடச் சண்டை போட்ட சனம். வாய் எப்படித் திறந்திருக்கிறது என்று பார்த்தாலே அதிலிருந்து வருவது என்ன என்று அவருக்குத் தெரியாதா? யாருக்காவது சந்தேகம் வந்தால் எல்லாரும் பேச்சிராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன்தானே சாட்சி. அவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்கும் அளவுக்கு ஆட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. ஆள் வைத்து மேடை முழுவதையும் படம் பிடித்திருந்தால்கூட இது கிடைத்திருக்காது என்று அவனுக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு வாசலில் ராஜம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக ஒரே பிடி அரிசியையே புடைத்துக்கொண்டிருந்தார்.

போனில் சிரிப்பு நின்றது.

"கோவிந்தம்மா... அக்கா வந்துகீது."

"வந்துச்சிங்க."

"போட்டோ எட்த்த தம்பி அங்க கீறாரா?"

"இருக்கேன் மாமா" என்றான் பேச்சிராஜ்.

"தம்பி, எங்கக்கா இன்னா சொல்லிச்சின்னு நான் சொல்றேன். கரெக்டான்னு நீ சொல்லு. மோவாய அப்டி மேல தூக்கினா அதுக்கு ஒரே அர்த்தம்தான். சின்னப்பையனா இஸ்கோலுக்குப் போயிட்டு வர்றப்பலாம் வாசல்ல நின்னுகினு அப்டித்தான் கேக்கும்." அக்கா குரலிலேயே கேட்டுக் காட்டினார். "'சாப்ட்டியாடா'ன்னு கேட்டுகீது. இல்ல?"

எல்லாரும் பேச்சிராஜைப் பார்த்தார்கள். அவன் ராஜம்மாவைப் பார்த்தான். வெளியே சொன்னால் அவ்வளவுதான் என்று சொன்ன அம்மா. தலையை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

முறம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. ராஜம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரில் இருக்கிறது என்று தெரியாமல் காதோடு வைத்துக்கொண்டு, தோஹா வரைக்கும் நேரடியாகவே கேட்கிற மாதிரி கத்தினார்.

"அவன இன்னாடா கேக்கறே? நான்தான் கேட்டேன்! கேட்டு எவ்ளோ நாளாச்சி? பதிலக் காணோம். சாப்ட்டியா, இல்லியா?"

ரொம்பச் சின்னக் குரலில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, கன்னியப்பன் சொன்னார்.

"இன்னும் இல்லக்கா. இனிமேதான்."

"மணி இன்னா ஆவுது, இன்னும் சாப்டாம சிரிச்சிகினு கீறே?" என்று ஆரம்பித்தார் ராஜம்மா. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் உட்காரவில்லை. போனை அந்த அம்மா அதற்கப்புறம் யாரிடமும் கொடுக்கவில்லை.